குதிரைதானே ஓடுது, ஜாக்கிக்கு என்ன வேலை?

சாம்பல்நரி (இழையைத் தொடங்கியவர்)

ரேஸ் முடிந்ததும் குதிரைக்கு மாலை, ஓனருக்குக் கோப்பை, டிரெய்னருக்குப் பேட்டி. ஜாக்கி இறங்கி, சேணத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எடை பார்க்கப் போய்விடுகிறார். பக்கத்து இழையில் ஒருத்தர் "ஓடுறது குதிரை, இவர் மேலே குனிஞ்சு உட்கார்ந்திருக்கார், அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தார். அதற்கு நாற்பது லைக் வேறு.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு ரேஸில் ஜாக்கி என்னதான் செய்கிறார்? உடம்பு என்ன ஆகிறது? எங்கே தப்புகிறது, ஏன் தப்புகிறது? டிப்ஸ் கேட்டு யாரும் வரவேண்டாம், அதற்குத் தனி இழை இருக்கிறது.

---

அரைவட்டம்

அந்த நாற்பது லைக்குக்கு ஒரு திருத்தம்: அவர் உட்காருவதே இல்லை. கேட் (குதிரைகள் கிளம்பும் இரும்புக் கூண்டு) திறந்து முதல் சில பாய்ச்சல் போனபிறகு வெற்றிக்கோடு வரைக்கும் இடுப்பு சேணத்தில் படாது. அங்கவடியை, அதாவது கால் வைக்கும் வளையத்தை, நன்றாக மேலே ஏற்றிக் கட்டியிருப்பார்கள். அதில் பாதத்தின் முன்பகுதி மட்டும்தான் நிற்கும். முழங்கால் மடங்கி, முதுகு கிட்டத்தட்ட தரைக்கு இணையாக, முகம் பிடரிக்கு மேலே. வீட்டில் இந்த நிலையில் ஒன்றரை நிமிடம் நின்று பாருங்கள், தொடை நடுங்க ஆரம்பித்துவிடும். அதுவும் ஆடாத தரையில்.

முழு வேகத்தில் ரேஸ் குதிரை விநாடிக்கு இரண்டேகாலிலிருந்து இரண்டரைப் பாய்ச்சல் வைக்கும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆடும். மேலே இருப்பவர் மூட்டை மாதிரி உட்கார்ந்தால் அந்த ஐம்பத்துச் சொச்சம் கிலோவையும் குதிரை ஒவ்வொரு தடவையும் தூக்கிப் போட்டுப் பிடிக்க வேண்டும். குனிந்து நிற்கும் ஜாக்கி முழங்காலையும் இடுப்பையும் ஸ்பிரிங் ஆக்கிக்கொள்கிறார். அவர் உடம்பு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போக, குதிரை மட்டும் கீழே ஆடிக்கொண்டு போகும். எடையை இப்போதும் குதிரைதான் தாங்குகிறது, ஆனால் அதைச் சேர்த்து ஆட்டுகிற வேலை அதற்கு இல்லை. அந்த வேலை ஜாக்கியின் தொடைக்கு வந்துவிடுகிறது. 1600 மீட்டர் ரேஸில் சுமார் 230, 240 தடவை.

அமெரிக்க ஜாக்கி டாட் ஸ்லோன் 1897ல் இந்தப் பாணியோடு இங்கிலாந்துக்குப் போனபோது குரங்கு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பாணி மாறிய அந்தக் காலகட்டத்தில் பந்தய நேரம் 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்திருப்பதை 2009ல் லண்டன் ராயல் வெட்னரி கல்லூரி ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளை வைத்துக் காட்டினார்கள்.

---

புதுவாசகி

அப்படியென்றால் இதயத்துடிப்பெல்லாம் எகிறுமே? ஓடுகிறவர் அளவுக்கு ஜாக்கிக்கும் மூச்சு வாங்குமா?

---

உடற்கூறு

வாங்கும். ரேஸின் கடைசிக் கட்டத்தில் ஜாக்கியின் துடிப்பு அவருடைய உச்ச அளவுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இதில் கால் தசை நீண்டு சுருங்காமல் மடங்கிய நிலையிலேயே இறுகிக் கிடப்பதால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு எரிச்சல் சீக்கிரம் வரும். கீழ்முதுகு, தொடையின் முன்புறம், கெண்டைக்கால் மூன்றும்தான் முதலில் கெஞ்சும்.

இது ஒரு ரேஸ் கணக்கு. பிஸியான ஜாக்கிக்கு ஒரே நாளில் ஏழெட்டு சவாரி, அரைமணி இடைவெளியில். அந்த அரைமணியில் எடை காட்டணும், ஓனர், டிரெய்னரிடம் இரண்டு வார்த்தை பேசணும், சட்டையை மாற்றணும், சேணத்தை வேலட்டிடம் (சேணம், உடுப்பைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்) கொடுத்து வேறு சேணம் வாங்கணும், திரும்ப எடை பார்க்கணும். உட்காரவே நேரமில்லை. அதற்கு முன்னால் விடியற்காலையில் டிராக்கில் நாலைந்து குதிரைகளுக்கு வொர்க் (பயிற்சி ஓட்டம்) கொடுத்துவிட்டு வந்திருப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

சாம்பல்நரி

உடம்பு வேலை புரிந்தது. மூளை வேலை? டிரெய்னர் "முன்னாடி போ", "பின்னாடி இரு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறாரே.

---

அரைவட்டம்

டிரெய்னர் சொன்னது கேட் திறந்த மூன்றாவது விநாடி வரைக்கும் செல்லும். பக்கத்துக் குதிரை இடறினால், முன்னாடி போக வேண்டிய இரண்டு குதிரை லேட்டாகக் கிளம்பினால், சொன்ன திட்டம் காலி. அதற்குப்பிறகு எல்லாம் மேலே இருப்பவர் தலைப்பொறுப்பு.

கேட்டிலிருந்தே வருகிறேன். அந்தப் பெட்டிக்குள் ஐந்நூறு கிலோ மிருகம் பின்னங்காலில் எழுந்தால் ஜாக்கிக்கும் இரும்புக்கும் நடுவில் இடமே கிடையாது. அதனால் கால் எங்கே இருக்கிறது என்பதில் கவனம், குதிரையின் தலை நேராக இருக்கிறதா என்பதில் கவனம். கதவு திறக்கும்போது குதிரை முன்னால் பாய, ஜாக்கி பின்னால் போவார். கையில் லகான் மட்டும் இருந்தால் குதிரையின் வாயை இழுத்துவிடுவார், அங்கேயே ஒரு லெங்த் (ஒரு குதிரையின் நீளம்) போச்சு. அதனால் லகானோடு சேர்த்துக் கொஞ்சம் பிடரி மயிரையோ கழுத்துப் பட்டையையோ பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்தது வளைவு. சின்னக் கணக்குதான். அரைவட்ட வளைவில் உள்தடுப்பிலிருந்து ஒவ்வொரு மீட்டர் வெளியே போனாலும் 3.14 மீட்டர் அதிகமாக ஓடணும். ஒரு லெங்த் என்பது ஏறக்குறைய 2.4 மீட்டர். மூன்று மீட்டர் வெளியே மாட்டிக்கொண்டு ஒரு வளைவைச் சுற்றினால் கிட்டத்தட்ட நாலு லெங்த் தண்டம். "நல்லா வந்துச்சு, கடைசியில் ரெண்டு லெங்த்தில் தோத்துடுச்சு" என்று சொல்கிற பாதி ரேஸில் குதிரை தோற்றிருக்காது, வளைவுதான் தோற்கடித்திருக்கும்.

அப்படியானால் எல்லோரும் உள்ளேயே போகலாமே என்றால், உள்ளே போனால் முன்னால் இரண்டு, பக்கத்தில் ஒன்று என்று பூட்டிக்கொள்வார்கள். முன்னால் போகிற குதிரை களைத்துப் பின்வாங்கினால் அதோடு சேர்ந்து நீங்களும் பின்னால் வரணும். எந்தக் குதிரை எப்போது களைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து, அதன் பின்னால் நிற்காமல் இருப்பதுதான் வித்தை.

---

கணக்குப்பிள்ளை

வேகக் கணக்கை விட்டுவிட்டீர்களே. ஒரு பர்லாங் 201 மீட்டர். நல்ல ரேஸ் வேகம் என்றால் பர்லாங்குக்குச் சுமார் 12 விநாடி. முன்னால் போகிற ஜாக்கி அதை 11.5ல் ஓடினாரா 12.5ல் ஓடினாரா என்பதைத் தலைக்குள் இருக்கும் கடிகாரம்தான் சொல்லணும், கையில் வாட்ச் கிடையாது. ஒரு மைல் என்பது எட்டு பர்லாங். முதல் நாலில் பர்லாங்குக்கு அரை விநாடி அவசரப்பட்டால் இரண்டு விநாடி முன்கூட்டியே செலவு. அந்தக் கடனைக் கடைசி இருநூறு மீட்டரில் குதிரை வட்டியோடு கட்டும்.

அதற்காகத்தான் காலை வொர்க்கில் "இந்த பர்லாங்கை 13ல் வா" என்று சொல்லி, கீழே ஸ்டாப்வாட்ச் வைத்துச் சரிபார்ப்பார்கள். கால் விநாடிக்குள் அடிக்கிற ஆள்கள் இருக்கிறார்கள்.

---

அரைவட்டம்

சரியாகச் சொன்னீர்கள். இன்னொன்று, முன்கால் மாற்றம். இடதுபக்க வளைவில் குதிரை இடது முன்காலை முன்வைத்துப் பாயணும், இல்லையென்றால் வெளியே தள்ளிக்கொண்டு போகும். நேர்ப்பாதை வந்ததும் வலதுக்கு மாற்றணும். அதுவரை சுமந்த காலுக்கு ஓய்வு, உடனே புது வேகம் கிடைக்கும். இந்த மாற்றத்தை ஜாக்கி கேட்டு வாங்குவார்: லகானில் லேசாக ஒரு திருப்பு, உடம்பு எடை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம். டிவியில் தெரியாது. தெரிவதெல்லாம் "திடீரென்று ஒரு பாய்ச்சல் எடுத்துச்சு பாரு" என்பது மட்டும்தான்.

---

புதுவாசகி

எடை விஷயம் யாராவது சொல்லுங்களேன். ரேஸ் கார்டில் 54 கிலோ என்று போட்டிருக்கிறது. அது ஜாக்கியின் உடம்பு எடையா?

---

ஈயத்தகடு

இல்லை, நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். 54 என்பது உடம்பு, உடுப்பு, சேணம் எல்லாம் சேர்ந்து. உதாரணத்துக்குப் பிரித்துப் போடுகிறேன்:

உடம்பு 50.5
பூட்ஸ், பிரீச்சஸ், சில்க் சட்டை 0.7
பாதுகாப்பு வெஸ்ட் 0.7
சேணம், வார் (சேணத்தைக் குதிரை வயிற்றோடு கட்டும் பட்டை), அங்கவடி 1.0
சேணத்தடித் துணி, எடைப் பை 0.5

கூட்டினால் 53.4. குறையும் 600 கிராமுக்கு ஈயத்தகடு எடுத்து எடைப் பையின் உறைகளில் இரண்டு பக்கமும் சமமாகச் சொருகுவார்கள். ஹெல்மெட்டும் சவுக்கும் பொதுவாகக் கணக்கில் வராது. வெஸ்ட்டுக்குச் சலுகை உண்டா இல்லையா என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

ரேஸுக்கு முன்னால் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை தராசு ஏறணும். எடைப் பை வழியில் நழுவி விழுந்தால், ஈயம் சிதறினால், திரும்பி வரும்போது எடை குறையும். அனுமதித்த அளவைத் தாண்டிக் குறைந்தால் ஜெயித்த குதிரையும் தகுதியிழக்கும். அதனால்தான் இறங்கியதும் ஜாக்கி யாரிடமும் எதையும் கொடுக்காமல், சேணத்தைத் தானே கழற்றித் தானே தூக்கிக்கொண்டு தராசுக்குப் போகிறார். சாம்பல்நரி முதல் பதிவில் சொன்ன காட்சி அதுதான்.

இப்போது மறுபக்கம். ஜாக்கியின் உடம்பு 52.5 என்று வையுங்கள். மிச்சம் ஒன்றரை கிலோதான். சேணத்தைக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலான குட்டிச் சேணமாக மாற்றுவார், மெல்லிய வார் போடுவார், காகிதம் மாதிரி பூட்ஸ் மாட்டுவார். தராசுக்கு ஒரு பூட்ஸ், சவாரிக்கு வேறு பூட்ஸ் என்று சிலர் ஏமாற்றுவதும் இந்தத் தொழிலில் பழைய தந்திரம். குட்டிச் சேணம் குதிரையின் முதுகில் பிடிப்பு குறைவு. குதிரை ஓடும்போது வயிறு ஒடுங்கும், வார் தளரும், சேணம் பின்னாலோ பக்கவாட்டிலோ நழுவும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் சேணம் பக்கம் சாய்ந்தால் பிடித்துக்கொள்ளப் பிடரியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆக, எடைப் பிரச்சினையும் விழும் ஆபத்தும் தனித்தனி அல்ல. ஒன்று இன்னொன்றின் தாய்.

---

உடற்கூறு

ஈயத்தகடு சொன்னதோடு சேர்த்து: அந்த 52.5க்கே வராதவர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள்.

முதல்நாள் ராத்திரி சாப்பாடு கிடையாது. காலையில் பிளாஸ்டிக் சூட் போட்டுக்கொண்டு ஓட்டம், வெந்நீர்க் குளியல், சானா (வியர்க்கவைக்கும் சூடான அறை). இரண்டு கிலோவை வியர்வையாக இறக்கிவிடலாம், முடியும். ஆனால் அந்த இரண்டு கிலோவில் கொழுப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, எல்லாம் தண்ணீர். ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையும், அதே வேலைக்கு இதயம் வேகமாக அடிக்கணும், தசை பிடித்துக்கொள்ளும், முடிவெடுக்கும் வேகம் மந்தமாகும். உடம்பு எடையில் 2 சதவீதம் நீர் போனாலே செயல்திறன் இறங்கும். 53 கிலோ ஆளுக்கு அது ஒரு லிட்டர்தான். அவர் அதில் இரண்டு மடங்கு இழந்துவிட்டு முப்பது குதிரைக்கால் நடுவில் போகிறார்.

தராசு ஏறி இறங்கினதும் தண்ணீர் குடித்தால் தீர்ந்ததே என்பார்கள். தீராது. உடம்பு திரும்ப நீர் பிடிக்கப் பல மணிநேரம் ஆகும். ரேஸ் முடிந்து திரும்ப எடை காட்டணும், அடுத்த சவாரி இன்னும் ஒரு கிலோ குறைவாக இருக்கலாம். அதனால் வாயைக் கொப்பளித்துத் துப்புகிறவர்கள் உண்டு.

இதை வருடக்கணக்கில் செய்தால் எலும்பு அடி வாங்கும். ஓடி விளையாடுகிற மற்ற விளையாட்டுக்காரர்களின் எலும்பு வலுவாகத்தான் இருக்கும், ஜாக்கிகளிடம் செய்த பல ஆய்வுகளில் எலும்பு அடர்த்தி குறைவு. குறைந்த கலோரி, குறைந்த கால்சியம், வளரும் வயதிலேயே தொடங்கிய பட்டினி. இந்த எலும்போடுதான் அவர் விழுகிறார். சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, சிறுநீர் மாத்திரை எல்லாம் இதன் அடுத்த படிகள். சிறுநீர் மாத்திரை தடைப்பட்டியலில் இருப்பது காரணமில்லாமல் இல்லை.

---

கணக்குப்பிள்ளை

இவ்வளவு ஆபத்து என்றால் எடையை ஏற்றிவிட்டால் போதாதா? காலை வொர்க்கில் 65 கிலோ ரைடர் ஏறுகிறார். குதிரை உடைந்தா போகிறது?

---

ஈயத்தகடு

அந்தக் கேள்வி நியாயம். குறைந்தபட்ச எடை அட்டவணை எல்லாம் மனிதர்கள் சராசரியில் குள்ளமாக இருந்த காலத்தில் தொடங்கியது. அதற்குப் பிறகு மனிதர்கள் வளர்ந்த அளவுக்கு அட்டவணை வளரவில்லை.

ஆனால் மூன்று கிலோ ஏற்றினால் பிரச்சினை தீரும் என்பதை நான் நம்பவில்லை. ஏற்றின மறுநாள், இதுவரை வரமுடியாத உயரமான பையன்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்களும் புது அளவுக்குக் கீழே வரப் பட்டினி கிடப்பார்கள். பிரிட்டிஷ் ஜாக்கி லெஸ்டர் பிகாட் 5 அடி 8 அங்குலம். அந்த உயரத்தோடு ஒன்பது தடவை எப்சம் டெர்பி ஜெயிக்க வாழ்நாள் முழுக்க வயிற்றைக் கட்டினார். அட்டவணையை நீங்கள் எங்கே வைத்தாலும் அதற்குக் கீழே ஒரு பிகாட் வந்து நிற்பார்.

---

உடற்கூறு

இங்கே உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். புதிதாக வருகிறவர் பட்டினி கிடப்பார் என்பதற்காக இப்போது இருப்பவர் கிடக்கட்டும் என்பது வாதமே அல்ல. எடையை மட்டும் ஏற்றினால் போதாது, அதுவரை சரி. கூடவே இரண்டு கதவு வைக்கணும். ஒன்று, லைசென்ஸ் கொடுக்கும்போதே உடல் கொழுப்பு அளவு பார்த்து, இந்த ஆளுக்கு ஆரோக்கியமான குறைந்தபட்ச எடை இவ்வளவு, அதற்குக் கீழே சவாரி கிடையாது என்று எழுதிக் கொடுப்பது. இரண்டு, ரேஸ் நாளில் சிறுநீரின் அடர்த்தி பார்ப்பது. ஒப்படர்த்தி 1.020க்கு மேலே போனால் உடம்பில் தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம். செலவு ஒரு சின்னக் கருவி, ஒரு சொட்டு, ஒரு நிமிடம்.

முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்ததில் ஒன்று நடந்தும் இருக்கிறது. பிரிட்டனில் ரேஸ்கோர்ஸ் சானாக்களை 2020ல் கோவிட் சமயத்தில் மூடினார்கள். 2021ல் நிரந்தரமாகவே எடுத்துவிட்டார்கள். ரேஸ் நின்றா போனது?

---

ஈயத்தகடு

சானாவை ரேஸ்கோர்ஸில் எடுத்தால் வீட்டு வெந்நீர்த் தொட்டியில் உட்காருவார்கள், யாரும் பார்க்காமல். சிறுநீர்ச் சோதனை யோசனை மட்டும் பிடித்திருக்கிறது. அது எங்கே உட்கார்ந்து வியர்த்தாலும் பிடித்துவிடும்.

---

புதுவாசகி

விழுவதைப் பற்றி. கீழே விழுந்ததும் சிலர் எழுந்து ஓடாமல் சுருண்டு கிடக்கிறார்களே, மயக்கமா?

---

மண்கண்ணாடி

மயக்கமாகவும் இருக்கலாம், பயிற்சியாகவும் இருக்கலாம்.

கணக்கு போடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 16.7 மீட்டர். நாலு லெங்த், அதாவது சுமார் பத்து மீட்டர் பின்னால் வரும் குதிரை, நீங்கள் விழுந்த இடத்துக்கு வர 0.6 விநாடி. எழுந்து நிற்கவே அதற்கு மேல் ஆகும். எழுந்தால் உயரமாக, நகரும் இலக்காக ஆகிவிடுவீர்கள். குதிரை தரையில் கிடப்பதை மிதிக்காமல் தாண்டத்தான் பார்க்கும், அதற்கு அது அசையாமல் இருக்கணும். அதனால் சொல்லிக்கொடுப்பது இதுதான்: லகானை விடு, தாடையை நெஞ்சோடு சேர், கையை நீட்டாதே, தோளில் விழுந்து உருண்டு வேகத்தைக் கரை, பிறகு பந்து மாதிரி சுருண்டு கடைசிக் குதிரை போகும்வரை கிட.

கையை நீட்டாதே என்பதுதான் கடினம். மனிதக் கை விழும்போது தானாக நீளும். அப்படி நீட்டிய கையில் வரும் விசை மணிக்கட்டு, முழங்கை வழியாக ஏறிக் காறை எலும்பை உடைக்கும். ஜாக்கிகளிடம் காறை எலும்பு முறிவு அவ்வளவு சகஜம் என்பதற்கு அதுவே காரணம். பயிற்சிப் பள்ளியில் மெத்தை மேல் நூற்றுக்கணக்கான தடவை உருளவைப்பது அந்த அனிச்சையைக் கொல்லத்தான்.

எதனால் விழுகிறார்கள்? ஃபிளாட் ரேஸில் (தாண்டத் தடை இல்லாத ஓட்டம்) முக்கியமாக இரண்டு. ஒன்று, பின்னால் வரும் குதிரையின் முன்குளம்பு முன்னால் போவதன் பின்னங்குதியைத் தட்டுவது. தட்டுவது பின்னால் வருவது, விழுவதும் அதுதான். யாராவது அரை மீட்டர் குறுக்கே வந்தாலே போதும். ஸ்டூவர்டுகள் (ரேஸை விசாரிக்கும் அதிகாரிகள்) வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டு ஜாக்கிகளை சஸ்பெண்டு செய்வது இதற்காக. இரண்டு, ஓட்டத்தில் குதிரையின் கால் உடைவது. அதில் ஜாக்கிக்கு முன்னறிவிப்பே இருக்காது.

தடை தாண்டி ஓடும் ஜம்ப் ரேஸில் விழுவது ஃபிளாட்டைவிடப் பத்து மடங்குக்கும் மேலே. ஆனால் ஒரு விழுகைக்கு எவ்வளவு காயம் என்று பார்த்தால் ஃபிளாட்தான் மோசம். ஜம்பில் குதிரை தடையில் இடறும்போது ஜாக்கிக்கு ஒரு கண்சிமிட்டல் நேரமாவது தெரியும், வேகமும் குறைவு, தரையும் மெத்து. ஃபிளாட்டில் வேகம் அதிகம், கூட்டம் நெருக்கம், தகவலே இல்லாமல் தரை வரும்.

---

சாம்பல்நரி

ஹெல்மெட், வெஸ்ட் எல்லாம் எவ்வளவு காப்பாற்றும்?

---

மண்கண்ணாடி

ஹெல்மெட்டுக்குள் இருக்கும் நுரை நசுங்கித்தான் அடியை வாங்குகிறது. ஒரு தடவை நசுங்கினால் திரும்ப எழாது. வெளியே கீறல் இல்லாவிட்டாலும் விழுந்த ஹெல்மெட் குப்பைக்குத்தான். வெஸ்ட் விலா எலும்பையும் உள்ளுறுப்பையும் ஓரளவு காக்கும். கழுத்து முறிவதையோ முதுகெலும்பு மடங்கி நசுங்குவதையோ அது தடுக்காது. கனமான வெஸ்ட் நன்றாகக் காக்கும். ஆனால் மேலே எடைக் கணக்கு பார்த்தீர்களே? 300 கிராம் அதிகம் என்றால் 300 கிராம் வியர்க்கணும். அதனால் விதி அனுமதிக்கும் மிக லேசான வெஸ்ட்தான் பலர் உடம்பில் இருக்கும்.

மூளை அதிர்ச்சிக்கு ஹெல்மெட் பெரிதாக உதவாது. மண்டையோடு தப்பும், உள்ளே மூளை குலுங்கும். இப்போது பல நாடுகளில் சீசன் தொடங்கும் முன்னாலேயே ஞாபகம், கவனம், எதிர்வினை வேகம் எல்லாம் சோதித்துப் பதிந்துவைத்துக்கொள்கிறார்கள். விழுந்தால் திரும்பச் சோதித்து ஒப்பிடுவார்கள். பழைய அளவுக்கு வராமல் டாக்டர் விடமாட்டார். இதில் ஓட்டை எங்கே என்றால், பதிவுச் சோதனையையே வேண்டுமென்று சுமாராகச் செய்துவைக்கும் ஆள்கள். அடி பட்டபின் எழுதும்போது வித்தியாசம் தெரியாதல்லவா. ஏன் மறைக்கிறார்கள்? அதைக் கணக்குப்பிள்ளை சொல்லட்டும்.

---

கணக்குப்பிள்ளை

சம்பளம் இல்லை, அதான். பெரும்பாலான இடங்களில் ஜாக்கி சுயதொழில்காரர். ஏறினால் சவாரிக் கூலி, ஏறாவிட்டால் பூஜ்யம். ஜெயித்தால் பரிசில் பங்கு. அமெரிக்காவில் முதலிடத்துக்கு ஓனர் பங்கில் சுமார் 10 சதவீதம் ஜாக்கிக்கு. அதில் ஏஜென்ட்டுக்கு 25 சதவீதம் போகும், வேலட்டுக்கு ஒரு பங்கு போகும், பிறகு பயணம், இன்ஷூரன்ஸ், வரி. செய்தியில் வரும் பெரிய பெயர்கள் ஒரு கைப்பிடி. நடுவிலும் கடைசியிலும் வருகிற குதிரைகளில் ஏறுகிறவர்கள்தான் மீதி எல்லோரும், அவர்களுக்குக் கூலி மட்டும்தான்.

பணத்தைவிட இன்னொன்று உண்டு. மூன்று வாரம் ஓய்வு எடுத்தால் உங்கள் நல்ல குதிரையில் வேறொருவர் ஏறுவார். அவர் ஜெயித்துவிட்டால் அந்தக் குதிரை திரும்பி வராது. தலைவலியை மறைப்பதற்கு இந்தப் பயம் போதும். மறைக்காதே என்று போஸ்டர் ஒட்டுவதில் பயனில்லை. ஓய்வு நாளுக்குப் பணம் கிடைத்தால்தான் உண்மை வாயில் வரும்.

---

மண்கண்ணாடி

அதற்கு ஏற்பாடே இல்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். 1963, 64ல் டிம் புரூக்ஷா, பேடி ஃபேரல் என்ற இரண்டு ஜாக்கிகளும் சில மாத இடைவெளியில் முதுகெலும்பு முறிந்து முடங்கியபோது பிரிட்டனில் தொடங்கியதுதான் இஞ்சுர்டு ஜாக்கீஸ் ஃபண்ட், அடிபட்ட ஜாக்கிகளுக்கான உதவி நிதி. இன்று லாம்போர்ன், மால்டன், நியூமார்க்கெட் மூன்று ஊரிலும் அவர்களுக்கு மறுவாழ்வு மையம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜாக்கிகளின் சங்கமான ஜாக்கீஸ் கில்டு 1940லிருந்து, நிரந்தரமாக ஊனமுற்ற ஜாக்கிகளுக்கான நிதி 2006லிருந்து. இந்த மறுவாழ்வு மையங்களில் பாதி வேலை உடம்புக்கு இல்லை. தராசுக்காகச் சாப்பாட்டையே எதிரியாகப் பார்த்துப் பழகின மனசுக்கு.

---

புதுவாசகி

பெண் ஜாக்கிகள்?

---

அரைவட்டம்

அதே எடை, அதே தரை, அதே குதிரை. பல நாடுகளில் எந்தச் சலுகையும் கிடையாது. 2015ல் மிஷெல் பெய்ன் மெல்போர்ன் கப் ஜெயித்தார், 2021ல் ரேச்சல் பிளாக்மோர் கிராண்ட் நேஷனல் ஜெயித்தார். இரண்டும் அந்தந்தப் பந்தயத்தில் ஒரு பெண்ணின் முதல் வெற்றி. திறமை வர அவ்வளவு வருடம் ஆகவில்லை, நல்ல குதிரை கொடுக்க அவ்வளவு வருடம் ஆனது.

---

மண்கண்ணாடி

இன்னொரு விஷயம், கைதட்டல் ஏதும் கிடைக்காத வேலை. கேட்டுக்குப் போகும் வழியில் மெதுவாக ஓடும்போதே சில குதிரைகளின் நடை சரியில்லாமல் இருக்கும். பாய்ச்சல் குட்டையாகும், தலை தூக்கித் தூக்கிப் போடும், ஒரு பக்கம் சாயும். வெளியே பார்க்கிறவருக்குத் தெரியாது, மேலே இருப்பவர் காலுக்குத் தெரியும். கேட்டில் நிற்கும் வெட்னரி டாக்டரிடம் "இது சரியில்லை" என்று சொன்னால் குதிரையை விலக்கிவிடுவார்கள். ஓனருக்கு முகம் சுண்டும், டிரெய்னர் அடுத்த தடவை கூப்பிடாமல்கூட இருக்கலாம். ஆனாலும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்று உடையாத கால் எந்த ரிசல்ட்டிலும் வராது.

ஓட்டத்தின் நடுவில் தெரிந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, பின்னால் வருகிறவர்கள் மேலே ஏறிவிடுவார்கள். வெளிப்பக்கமாக ஒதுங்கி, தலையைத் தூக்கிப் பிடித்து, படிப்படியாக வேகம் இறக்கி, குதித்து இறங்கி, சேணத்தைக் கழற்றி, வண்டி வரும்வரை அதை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்கணும்.

---

சாம்பல்நரி

கடைசியாக ஒன்று. என்னை மாதிரி டிவியில் பார்க்கிறவன் ஜாக்கியின் வேலையைக் கண்டுபிடிக்க எதைப் பார்க்கணும்?

---

அரைவட்டம்

ரீப்ளேயை மூன்று தடவை போடுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஜாக்கியை மட்டும். முதல் தடவை கை: நேர்ப்பாதை வரும்வரை யாருடைய கை அசையாமல் இருக்கிறது, யார் ஏற்கெனவே தள்ள ஆரம்பித்துவிட்டார். அசையாதவரிடம் குதிரை மிச்சம் இருக்கிறது. இரண்டாவது தடவை வளைவு: அவருக்கும் தடுப்புக்கும் நடுவில் எத்தனை குதிரை. மூன்றாவது தடவை கடைசி இருநூறு மீட்டர்: களைத்த குதிரை ஒரு பக்கம் சாயும்போது சவுக்கை நிறுத்தி, லகானை எடுத்து நேராக்கினாரா, இல்லை அடித்துக்கொண்டே பக்கத்துக் குதிரை மேல் விட்டாரா. நேராக்கினவர் அரை லெங்த் இழந்திருப்பார், அதற்குப் பதிலாக ஒருவரைக் கீழே விழவிடாமல் காப்பாற்றியிருப்பார்.

---

மண்கண்ணாடி

மழை பெய்த மண்டிராக் என்றால் நாலாவதாக ஒன்று: கண்ணாடி. ஹெல்மெட்டில் மூன்று முதல் ஐந்து ஜோடி ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருப்பார்கள். முன்னால் போகிற குளம்பு அள்ளி வீசும் சேற்றில் ஒன்று மூடினால் விரலால் கீழே கழுத்துக்கு இழுத்துவிட்டு அடுத்ததில் பார்ப்பார்கள், லகானை விடாமல். திரும்பி வரும்போது கழுத்தில் எத்தனை தொங்குகிறது என்று எண்ணுங்கள். எத்தனை பேருக்குப் பின்னால், எவ்வளவு தூரம் ஓடினார் என்று அதிலேயே தெரிந்துவிடும். ஜெயித்துவிட்டு ஒன்றுகூட இறக்காமல் வந்தால் முழுக்க முன்னாலேயே போயிருக்கிறார். நாலு தொங்கி, ஐந்தாவதிலும் சேறு இருந்தால், கடைசி பர்லாங்கை அவர் பாதி குருடாகத்தான் ஓட்டியிருக்கிறார்.